பால், முட்டை, இறைச்சி: உறையின் மேலுள்ள எழுத்துக்களைப் படிக்கும் முறை

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில், ஒரு காலைப் பொழுதுக்குள் நடந்தே சுற்றி வந்துவிடக்கூடிய எல்லைக்குள், உணவு வழக்கத்தில் ஒருவருக்கொருவர் முற்றிலும் மாறுபட்ட பல சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். குஜராத்தி வணிகரிடையே சமணரும் வைணவரும் உளர். இவர்களிற் பெரும்பாலோர் முட்டையையும் தொடாதவர்கள். கச்சி மேமன் வகுப்பினர் முதலிய முஸ்லிம்கள் ஹலால் முறையில் அறுக்கப்பட்ட இறைச்சியையே உண்பர். கிறிஸ்தவர்களும், கொங்கணி மொழி பேசுவோரும், பிழைப்பை நாடி வந்து தங்கிவிட்ட தமிழரும் அதே தெருக்களில் வாழ்கின்றனர். 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளி இன்றும் அங்கு நிற்கிறது. அதனைச் சார்ந்திருந்த யூதரிற் பெரும்பாலோர் இஸ்ரேல் நாடு அமைந்த பின் அங்குக் குடியேறிவிட்டனர்.

முற்காலத்தில் இவர்களுள் எவருக்கும் லேபிள் தேவைப்படவில்லை. விற்பவரே லேபிளாக இருந்தார். யூதருக்குத் தம் சமய விதிப்படி அறுத்துத் தருபவர் தம்முள்ளேயே இருந்தார். முஸ்லிம்கள் தமக்குப் பழக்கமான கசாப்புக் கடைக்காரரிடம் வாங்கினர். பால் கண்ணெதிரே கறக்கப்பட்டது. முட்டை அடுத்த வீட்டுக் கோழியினுடையது. பொருள் எங்கிருந்து வந்தது, எப்பொழுது ஆயத்தமாயிற்று, யார் கை பட்டது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெருவிலேயே கிடைத்தது.

இன்று அதே தெருவிலுள்ள கடையில் வைக்கப்பட்டிருக்கும் முட்டை நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்தது. பாலின் ஒரு பகுதி பாலக்காட்டு எல்லையைக் கடந்து தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் குஜராத்திலிருந்து வந்திருக்கலாம். மூன்று வினாக்களுக்கும் விடை கடைக்காரருக்கே தெரியாது. ஆகவே அவ்விடைகளை எழுத்தில் தரவேண்டுமென்று சட்டம் உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துகிறது. லேபிள் என்பது அந்த எழுத்துமூலமான விடையே ஆகும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே களைந்துவிடுதல் நன்று. உறையின் மேல் அரசாங்க ஆணையத்தின் முத்திரை காணப்பட்டால், அரசாங்கமே அப்பொருளைச் சோதித்து நல்லதென்று சான்று அளித்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. லேபிள் சான்றிதழ் அல்ல. உற்பத்தியாளர் சட்டத்தின் முன் கொடுக்கும் வாக்குமூலம். முத்திரைக்குக் கீழே அச்சிடப்பட்டுள்ள பதினான்கு இலக்க எண், அவருடைய உரிமம் அல்லது பதிவின் எண் ஆகும். முதல் இலக்கம் 1 என்றிருந்தால் உரிமம். 2 என்றிருந்தால் சிறு வணிகருக்குரிய பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். கேரளத்துக்கு 13, தமிழ்நாட்டுக்கு 24. மத்திய உரிமமாயின் அவ்விடத்தில் 00 என்றிருக்கும். நான்காவது ஐந்தாவது இலக்கங்கள் ஆண்டைக் காட்டும். இந்த எண் இருப்பதனாலேயே பொருள் நல்லது என்று ஆகிவிடாது. பொருள் கெட்டதாக இருந்தால் யாரைக் கேட்பது என்பது அதனால் தெரியும், அவ்வளவே. ஆனால் அதுவே பெரிய காரியம்.

உறையின் முன்புறத்துப் பெரிய எழுத்துக்கள் பெரும்பாலும் விற்பனையாளர் தாமாக விரும்பிச் சொல்பவை. பின்புறத்துச் சிறிய எழுத்துக்கள் சட்டத்துக்கு அஞ்சிச் சொல்பவை. வாங்குபவர் முன்புறத்தைப் பார்த்து வாங்குகிறார். பின்புறத்தைப் பார்த்து வாங்கப் பழக்குவதே களப் பணியாளரும் ஆசிரியரும் செய்ய வேண்டிய வேலை.

மொழியும் குறியும்

இந்தியாவில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-ல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2006-ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது. லேபிள் பற்றிய விதிகள் 2011-லும், பிறகு திருத்தமாக 2020-லும் வெளியிடப்பட்டன. இவ்விதிகளின்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. மட்டாஞ்சேரியில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது ஆகிய மொழிகள் வீடுகளில் பேசப்படுகின்றன. கட்டாயமான இரண்டு மொழிகளுள் எதுவும் அவ்வீடுகளிற் பெரும்பாலானவற்றின் மொழியன்று. உடல்நலத்தைப் பற்றிய செய்தி, அதனை வேண்டுபவர் படிக்க இயலாத மொழியில் அச்சாகி அவர் கைக்கு வருகிறது. இக்குறை எளிதில் தீரக்கூடியதன்று, எனினும் குறையே.

2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இது சம்பந்தமாக ஒரு விவாதம் எழுந்தது. தயிர் உறைகளின் மேல் 'தஹி' என்ற சொல்லை முதன்மையாக அச்சிட வேண்டுமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தென்னாட்டுப் பால் கூட்டுறவு நிறுவனங்களுக்கு அறிவித்தது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எதிர்ப்பு உண்டாகவே, அம்மாத இறுதியிலேயே ஆணை திருத்தப்பட்டது. ஆங்கிலப் பெயரையும் அதனோடு 'தயிர்', 'மொசரு', 'பெருகு' முதலிய வட்டாரப் பெயரையும் அச்சிடலாம் என்று அனுமதிக்கப்பட்டது.

எழுத்துப் படிக்க இயலாதவருக்கும் பயன்படுவது குறியாகும். பச்சை நிறக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்பு நிறக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். 2001-ஆம் ஆண்டு இம்முறை முதலில் புகுத்தப்பட்டபோது அசைவத்துக்கும் வட்டமே இருந்தது. நிறம் மட்டும் வேறு. பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு ஆடவர் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு இரண்டு குறிகளும் ஒன்றாகவே தோன்றின. 2020-ஆம் ஆண்டு விதியில் வட்டம் முக்கோணமாக மாற்றப்பட்டதன் காரணம் இதுவே.

எது சைவம் என்பதில் சட்டத்தின் கணக்கு வீட்டுக் கணக்கோடு எப்பொழுதும் ஒத்திருப்பதில்லை. விலங்கு, பறவை, மீன் ஆகியவற்றின் உடலிலிருந்து வந்த எதுவும், முட்டையும், அசைவமாகும். பாலும் பாற்பொருள்களும் தேனும் தேன்மெழுகும் விலக்களிக்கப்பட்டுள்ளன. அசைவச் சேர்மானம் முட்டை ஒன்றே என்றால், அதனை உற்பத்தியாளர் குறியோடு சேர்த்துத் தனியே அறிவிக்கலாம். முட்டை மட்டும் உண்ணும் குடும்பங்களுக்கு அவ்வரி உதவும். எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய்க்குப் பழுப்பு முக்கோணம் உண்டு. பலர் இதனை அறியாமல், மிட்டாய்தானே என்று குறியைப் பார்ப்பதேயில்லை. பாலையும் விலக்குபவருக்குப் பச்சை வட்டம் போதாது. அவர்கள் பொருட்டு 2022-ல் தனி விதிகளும் தனிக் குறியும் ஏற்படுத்தப்பட்டன.

குறி வழக்கத்தைப் பற்றியது; ஒவ்வாமை உயிரைப் பற்றியது. பால், முட்டை, மீன், நண்டு இறால் வகைகள், நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா, கோதுமை முதலிய தானியங்கள் ஆகியவை சேர்ந்திருந்தால் அதனைத் தனியே அறிவிக்க வேண்டும். முட்டை ஒவ்வாத குழந்தை பள்ளியில் இருக்குமானால், பிறந்தநாளுக்கு வந்த கேக்கின் உறையில் ஆசிரியர் தேட வேண்டியது இந்த ஒரு வரியையே.

பால் உறையில் எழுதப்பட்டவை

பாலைப் போலப் பல பெயர்களில் விற்கப்படும் பொருள் வேறில்லை. பால் உறையின் மேலுள்ள பெயர் வெறும் அழகுக்காக இடப்பட்டதன்று. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று கொழுப்பின் அளவு. மற்றொன்று கொழுப்பு நீங்கலாக உள்ள திடச்சத்து, அதாவது புரதம், பாற்சர்க்கரை, தாது உப்புக்கள் ஆகியவற்றின் கூட்டு. நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதமும் இதர திடச்சத்து 9 சதவீதமும் குறையாமல் இருக்க வேண்டும். நிலைப்படுத்திய பாலில் 4.5-உம் 8.5-உம். சமன்படுத்திய பாலில் 3-உம் 8.5-உம். இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5-உம் 9-உம்.

இவ்வெண்களை ஒருமுறை கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். வகைக்கு வகை மாறுவது பெரும்பாலும் கொழுப்பே. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அடங்கிய இதர திடச்சத்து ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. அரை லிட்டர் சமன்படுத்திய பாலில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு. நிறைகொழுப்புப் பாலில் ஏறத்தாழ 30 கிராம். கூடுதல் விலை இந்தப் பதினைந்து கிராமுக்கே. 'விலை குறைந்த பாலில் சத்தே இல்லை' என்று எண்ணி, கைக்கு மீறிய விலை கொடுத்துக் குறைந்த அளவு வாங்கும் ஏழைக் குடும்பங்களுக்கு இதனை எடுத்துக் கூறவேண்டும். அதே பணத்துக்குச் சமன்படுத்திய பால் கூடுதலாகக் கிடைக்கும். புரதமும் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் கொழுப்பு குறைந்த பாலைக் கொடுத்தல் பொருந்தாது.

சமன்படுத்திய பால் இந்தியாவிலேயே தோன்றிய ஏற்பாடு. பம்பாய் நகரின் பால் பஞ்சத்தைத் தீர்க்கும் பொறுப்பை ஏற்ற தாரா குரோடி என்பவர், 1940-களில் கொழுப்பு மிகுந்த எருமைப் பாலோடு கொழுப்பு நீக்கிய பால்பொடியையும் தண்ணீரையும் கலந்து, பாலின் அளவைப் பெருக்கி விலையைக் குறைத்தார். தண்ணீர் கலப்பதெல்லாம் ஏமாற்று என்றிருந்த நிலையில், கலந்ததை வெளிப்படையாகச் சொல்லிக் கலந்தவர் அவர். பிற்காலத்தில், 1963-ல், வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் சேர்ந்து அவர் மகசேசே பரிசு பெற்றார். கலப்படத்துக்கும் முறையான கலப்புக்கும் உள்ள வேறுபாடு, லேபிளில் அது சொல்லப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதில் அடங்கியிருக்கிறது.

உறையின் நிறத்தை நம்புதல் கூடாது. தமிழ்நாட்டில் ஆவின் நீல உறை சமன்படுத்திய பாலையும், பச்சை உறை நிலைப்படுத்திய பாலையும், ஆரஞ்சு உறை நிறைகொழுப்புப் பாலையும் குறிப்பதைக் கண்டு பழகியவர்கள் உண்டு. நிறத்தைத் தேர்ந்துகொள்வது அந்தந்த நிறுவனமே, சட்டமன்று. மதுரையில் கற்ற நிறம் கொச்சியில் மில்மா உறைக்கும் பொருந்தவேண்டும் என்பதில்லை. பெயரையும் எண்ணையுமே பார்க்க வேண்டும்.

'பாஸ்டர் முறைப்படி பதமாக்கியது' என்ற சொற்றொடரின் பொருள், பால் 72 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் 15 விநாடியோ, 63 பாகையில் 30 நிமிடமோ வைக்கப்பட்டு உடனே குளிர்விக்கப்பட்டது என்பதாகும். இதனால் நோய்க் கிருமிகள் அழிகின்றன. பாலைப் புளிக்கச் செய்யும் கிருமிகள் அனைத்தும் அழிவதில்லை. பாலில் இயற்கையாக உள்ள பாஸ்படேஸ் என்னும் நொதி சரியாக இதே வெப்பத்தில் செயலிழக்கிறது. அது எஞ்சியிருந்தால், பால் போதிய அளவு சூடேறவில்லை அல்லது பிறகு பச்சைப் பால் கலந்துவிட்டது என்று சோதனைச்சாலையில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பால் உறை பனிக்கட்டியின்றிக் கடை வாசலில் வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்ததை எந்த லேபிளும் சொல்லாது. உறையில் குறித்த தேதி, குறித்த குளிர்நிலையில் வைத்திருந்தால்தான் செல்லும். 135 பாகைக்குக் குறையாத வெப்பத்தில் ஓரிரு விநாடி சூடேற்றிக் காற்றுப் புகாத அட்டைப் பெட்டியில் அடைத்த பாலுக்கு, பிரிக்கும் வரை குளிர்ப்பெட்டி வேண்டுவதில்லை. பிரித்த பின் அதுவும் சாதாரணப் பாலே.

பாலின் பெயரைச் சுற்றி வேறு சில சொற்களும் உலவுகின்றன. பாலிலுள்ள ஒருவகைப் புரதத்தைச் சுட்டி 'ஏ-2 பால்' என்று விளம்பரப்படுத்தி உயர்ந்த விலைக்கு விற்கும் வழக்கம் பரவியது. 2024 ஆகஸ்டு 21-ஆம் நாள் அச்சொல்லை நீக்குமாறு ஆணையம் உத்தரவிட்டது. ஐந்து நாட்களில் அவ்வுத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அச்சொல் உறையில் நிற்பதனால் அதனுடைய மேன்மை நிலைநாட்டப்பட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. சோயா, பாதாம் முதலியவற்றிலிருந்து எடுத்த பானங்களைப் 'பால்' என்று விற்பதை ஆணையம் 2021-ல் தடுத்தது. நெடுங்கால வழக்கால் நிலைபெற்ற தேங்காய்ப்பாலுக்கு அத்தடை இல்லை. கேரளச் சமையலறைகளுக்கு இது ஆறுதலான செய்தி.

ஐஸ்கிரீம் வாங்கும் குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தக்க ஒன்றுண்டு. ஐஸ்கிரீம் என்று பெயரிட்டதில் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 'மீடியம் ஃபேட்' என்று குறித்ததில் அது 2.5-லிருந்து 10 சதவீதம் வரை. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று அச்சிட்டதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்ந்திருக்கலாம். அதனை உறையில் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில், ஒரே மாதிரிக் கிண்ணத்தில் விற்கப்படுகின்றன.

குழந்தைக்கு உரியதும் அல்லாததும்

டப்பாவில் அடைத்த இனிப்பூட்டிய சுண்டிய பால், குளிர்ப்பெட்டி இல்லாக் காலத்திலும் துறைமுகப் பட்டினங்களில் எளிதாகக் கிடைத்துவந்த பொருள். அதன் நிறையில் ஏறத்தாழப் பாதியை நெருங்கும் பங்கு சர்க்கரை. வேலைக்குப் போகும் தாய்மார் அதனை நீரில் கலந்து கைக்குழந்தைகளுக்குக் கொடுத்தனர். தமிழர் பெருந்தொகையாகக் குடியேறியிருந்த மலேயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் இதன் விளைவு கொடியதாயிற்று. அங்கு மருத்துவராகப் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சுண்டிய பால் கொடுக்கத் தூண்டுவதால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவர் கொள்கை. டப்பாவிற்குள் நஞ்சு எதுவும் இல்லை. அப்பொருள் யாருக்கு உரியதன்று என்பது தாய்க்குச் சொல்லப்படவில்லை.

இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைப் பால்மாவு டப்பாவின் மேல் தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமென்று விதிக்கிறது. குழந்தையின் படமோ, தாய் குழந்தைக்குப் புகட்டும் படமோ அதில் இருத்தல் ஆகாது. 2003-ல் இச்சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆனால் தேநீர், காப்பிக்கென்று விற்கப்படும் 'டெய்ரி வைட்னர்' எனப்படும் பொடி அடுத்த அலமாரியில் இருக்கிறது. அதுவும் வெண்மையான பொடி, நீரில் கரைத்தால் பால் போலவே தோன்றும், விலையும் குறைவு. அது குழந்தைக்குரிய உணவன்று. சர்க்கரை சேர்த்ததும் அதில் உண்டு. அங்கன்வாடிப் பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போது தாயிடம், 'பால் கொடுக்கிறீர்களா?' என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், எந்த உறையிலுள்ள பொடி என்று கேட்டு உறையை வாங்கிப் பார்த்துவிடுதல் வேண்டும். இந்த ஒரு பழக்கம் சில உயிர்களைக் காக்கக் கூடியது.

நெய்க்குள் மறைந்திருக்கும் லேபிள்

வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்பது பழைய மோசடி. உறையின் மேல் எழுதிய லேபிளைக் கிழித்துவிடலாம். பொருளுக்குள்ளேயே இட்ட அடையாளத்தை எவ்வாறு கிழிப்பது? இவ்வெண்ணத்தின் பேரில், வனஸ்பதி தயாரிக்கும்போதே அதில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டுமென்று விதி செய்யப்பட்டது. நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள், அடர்ந்த ஹைடிரோகுளோரிக் அமிலத்துடனும் பர்பூரல் என்னும் திரவத்துடனும் சேர்ந்தால் செந்நிறம் காட்டும். தூய நெய்யில் இந்நிறம் தோன்றாது. பவுதுவான் சோதனை எனப்படும் இதனை உயர்நிலைப் பள்ளிச் சோதனைச்சாலையில் ஆசிரியரே செய்து காட்டலாம். அமிலத்தை மாணவர் கையில் கொடுத்தலாகாது. வனஸ்பதியின்றி வேறு எண்ணெயோ விலங்குக் கொழுப்போ கலந்திருந்தால் இச்சோதனை பேசாது. அதற்கு வேறு சோதனைகள் வேண்டும்.

முட்டையும் இறைச்சியும்

முட்டை பெரும்பாலும் லேபிள் இன்றியே விற்கப்படுகிறது. முப்பது முட்டை கொண்ட அட்டைத் தட்டு கடைக்கு வருகிறது. கடைக்காரர் எண்ணிக் கொடுக்கிறார். முட்டையை எண்ணிக்கையில் வாங்குகிறோம். சத்து எடையில் இருக்கிறது. அக்மார்க் முறையில் 60 கிராமும் அதற்கு மேலும் உள்ளது மிகப் பெரியது. 53 முதல் 59 வரை பெரியது. 45 முதல் 52 வரை நடுத்தரம். 38 முதல் 44 வரை சிறியது. சராசரி 45 கிராம் உள்ள முட்டை முப்பதுக்கும், 55 கிராம் உள்ள முட்டை முப்பதுக்கும் 300 கிராம் வித்தியாசம். அதாவது ஆறு முட்டை. மதிய உணவுக்கு மொத்தமாக வாங்கும் பள்ளிகள் தட்டை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்தல் தகும்.

அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கும் முட்டைகளில் 'நாட்டு', 'பழுப்பு', 'இயற்கை' என்ற சொற்கள் மிகுதி. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததன்று. கருவின் ஆழ்ந்த மஞ்சள் நிறம் தீனியால் வருவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் ஒவ்வொரு முட்டையின் ஓட்டின் மீதும் ஓர் எண் அச்சிடப்படுகிறது. 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 என்றால் வெளியில் திரியும் கோழி, 2 என்றால் கொட்டகைக்குள் திரியும் கோழி, 3 என்றால் கூண்டுக் கோழி. கோழி வளர்ந்த முறையை இவ்வாறு எண்ணால் குறிப்பதைக் காண்கையில், பெட்டியின் மேலுள்ள பச்சை வயல் படம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது விளங்கும். லேபிள் இல்லாத முட்டையின் வயதை அறியத் தண்ணீர் போதும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேற, உள்ளே காற்றறை வளர்கிறது. புதிய முட்டை நீரில் கிடையாகப் படியும். நாள்பட்டது செங்குத்தாக நிற்கும். மிகப் பழையது மிதக்கும்.

கோழி இறைச்சியில் 'ஹார்மோன் அற்றது' என்ற வாசகம் மக்களைக் கவர்கிறது. பிராய்லர் கோழி விரைவில் வளர்வது இனத் தேர்வினாலும் தீனியினாலும் ஆகும். அமெரிக்காவில் இவ்வாசகத்தை அச்சிட்டால், கோழிகளுக்கு ஹார்மோன் கொடுப்பதைச் சட்டமே தடுத்திருக்கிறது என்பதையும் உடன் அச்சிட வேண்டும். மெய்யாகக் கவலைப்பட வேண்டியது நோய்முறி மருந்துகளைப் பற்றியே. அவை கோழிக்கு வகையின்றிக் கொடுக்கப்பட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கென வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019-ல் தடை செய்தது.

உறையில் வரும் இறைச்சியிலோ, படிக்க வேண்டிய செய்தி மிகுதி. எர்ணாகுளம் மாவட்டத்துக் கூத்தாட்டுக்குளத்தில் கேரள அரசின் மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1973 முதல் இருந்து வருகிறது. குடும்பஸ்ரீயின் கேரளச் சிக்கன் திட்டம் 2017-ல் தொடங்கியது. இத்தகைய பொருள்களோடு தனியார் பொருள்களும் கடைகளில் உள்ளன. உறைந்த இறைச்சி 18 பாகை உறைநிலைக்குக் கீழ் இருக்க வேண்டும். உறைக்குள் பனித் துகள் கட்டியாகச் சேர்ந்திருந்தால் அது ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தது என்று ஐயுறலாம். சேர்மானங்கள் எடையில் மிகுதியானது முதலாக வரிசைப்படுத்தி எழுதப்படுகின்றன. சிக்கன் சாசேஜ் உறையில் கோழிக்கு அடுத்தபடியாக நீரும் மாவும் சோயாவும் வரிசையில் முன்னே வந்தால், பெயர் ஒன்றும் பொருள் ஒன்றுமாகிறது. பெயரிலோ படத்திலோ முனைப்பாகக் காட்டிய சேர்மானத்தின் சதவீதத்தையும் கொடுக்க வேண்டும் என்பது விதி. 250 என்ற எண் சோடியம் நைட்ரைட்டைக் குறிக்கும். இறைச்சிக்குச் செந்நிறம் தந்து கெடாமல் காப்பது அது. பதப்படுத்திய இறைச்சியை மனிதரிடத்துப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015-ல் சேர்த்தது. சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால் 2 கிராம் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை.

ஹலால் முத்திரை சமய முறையைப் பற்றியது. உள்நாட்டு விற்பனையில் அதனைத் தனியார் அமைப்புக்கள் வழங்குகின்றன. சுகாதாரச் சான்றாக அதனைக் கொள்ளவும் கூடாது. சுகாதாரத்துக்கு மாறானதாகக் கருதவும் கூடாது. மட்டாஞ்சேரியில் இன்றும் பெரும்பகுதி இறைச்சி லேபிளின்றிக் கொக்கியில் தொங்குகிறது. அங்குக் கேட்க வேண்டுவன, கடைக்கு உரிமம் உண்டா, அறுக்கும் முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்த்தாரா, எத்தனை மணிக்கு அறுத்தது என்பவையே.

தேதியும் முறையீடும்

காலாவதித் தேதி என்பது அதற்குப் பின் பொருளை உண்ணலாகாது என்பதாகும், விற்கவும் ஆகாது. 'இத்தேதிக்குள் சிறப்பாக இருக்கும்' என்பது சுவை, மணம் ஆகியவற்றைப் பற்றியது. அது கடந்ததனாலேயே பொருள் நஞ்சாகிவிடாது. 2020-ஆம் ஆண்டு விதிப்படி முன்னது கட்டாயம், பின்னது விருப்பம். தொகுதி எண்ணையும் மறக்கலாகாது. ஒரு தொகுதியில் பிழை கண்டால் அந்த எண்ணைக் கொண்டே கடைகளிலிருந்து அத்தொகுதி முழுவதையும் மீட்க முடியும். பலர் உறையைப் பிரித்தவுடன் எறிந்துவிட்டு, பொருளை டப்பாவில் கொட்டிவிடுகின்றனர். பொருள் தீரும் வரை உறையை வைத்திருக்கப் பழக்க வேண்டும்.

ஆசிரியர்கள் மாணவரை வீட்டிலிருந்து காலி உறைகளைக் கழுவிக் கொண்டுவரச் சொல்லலாம். ஒரு வகுப்பில் நாற்பது உறைகள் சேரும். உரிம எண்ணைக் கொண்டு எந்த மாநிலத்தது என்று பிரித்தல், நூறு கிராமுக்குரிய எண்களை ஒப்பிடுதல், முன்புறத்து வாசகத்தைப் பின்புறத்து வரியோடு சரிபார்த்தல் ஆகிய பயிற்சிகள் கணக்கும் பூகோளமும் விஞ்ஞானமும் ஒருங்கே கற்பிக்கும்.

பொய்யான லேபிளுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மூன்று லட்ச ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுக்கும் வரை காத்திருக்க வேண்டுமென்பதும் இல்லை. அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கும் எவரும் தாமே கட்டணம் செலுத்தி அதனை உணவு ஆய்வாளரிடம் கொடுத்துச் சோதித்து அறிக்கை பெறலாம். அவ்வாறு சோதிக்கப் போவதாக வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட வேண்டும். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை கூறுமாயின், செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படும்.